போட்ட காசும் கேட்கிற விலையும்

போன ஆண்டு ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாமா தொலைபேசியில் அழைத்தார். "நீ பத்திரிகைக்கு எழுதுறவனாச்சே. போட்டை விக்கணும். நல்லதா நாலு வரி விளம்பரம் எழுதிக் கொடுப்பா" என்றார். என்ன விலை போடுவது என்று கேட்டேன். "ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் வெள்ளி. ஒரு காசு குறைக்க மாட்டேன்" என்றார். பின்னால் அத்தையின் குரல் கேட்டது. "எட்டு மாசமா இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காரு."

அன்று மதியமே கோலசிலாங்கூருக்குப் புறப்பட்டேன். பணத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். ஆனால் பழைய பொருளுக்கு விலை வைப்பது எவ்வளவு கடினம் என்பதை மாமாவின் பாய்மரப் படகுதான் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

மாமா தோட்டத்துப் பிள்ளை. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லிப் பழகிய இன்றைய பெஸ்தாரி ஜெயா பக்கத்தில், செம்பனைத் தோட்டப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்த்தவர். அந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை என்று சிரித்துக்கொண்டே சொல்வார். தோட்டத்தை விட்டு வந்த பிறகு கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. 1999இல் அஸார் மன்சூர் தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி லங்காவிக்குத் திரும்பியதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளில் அவருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது.

ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் 38,000 வெள்ளி கொடுத்து ஒரு படகை வாங்கினார். 34 அடி நீளம், கண்ணாடி இழை உடம்பு, 1984இல் கட்டியது. என்ஜின் இறுகிப்போயிருந்தது. பாய் வெயிலில் மக்கி, கையால் இழுத்தாலே கிழிந்தது. ஆற்றங்கரையில் மீன்பிடிப் படகுகளைக் கரையேற்றும் ஒரு பட்டறையில் வாடகைக்கு இடம் பிடித்து, மூன்று ஆண்டுகள் அதோடு மல்லுக்கட்டினார்.

நான் போனபோது 555 நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். ஒவ்வொரு ஆணிக்கும் கணக்கு இருந்தது. என்ஜின் 24,000. பாய்கள் 18,000. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகள் 14,000. உடம்பைச் சுரண்டிச் சாயம் பூச 12,000. மின்கம்பிகளும் பேட்டரிகளும் 9,000. பட்டறை வாடகையும் மற்றதும் 11,000. ஆக 88,000. வாங்கிய விலையோடு சேர்த்தால் 1,26,000. மீதி 39,000 வெள்ளி மூன்று ஆண்டுகள் தான் உழைத்ததற்குக் கூலி என்றார்.

"தப்பா கேக்குறேனா?" என்று என்னைப் பார்த்தார். தப்பில்லை. ஆனால் அந்த விலைக்கு எட்டு மாதத்தில் இரண்டே பேர்தான் வந்து பார்த்திருந்தார்கள். ஒருவர் 60,000 கேட்டார், மற்றவர் 70,000. இரண்டு பேரையும் மாமா கோபத்தோடு அனுப்பிவிட்டார்.

இதற்கிடையில் அத்தைக்கு வேறு கவலை. அவர்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தரை வீட்டுக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. மீதியை ஆண்டு முடிவதற்குள் கட்ட வேண்டும். அதற்கென்று வைத்திருந்த சேமநிதிப் பணம்தான் படகாக ஆற்றங்கரையில் நின்றது.

மாமா ஏன் இறங்கி வரவில்லை என்பது சாப்பிட்டு முடித்தபோது புரிந்தது. தோட்டத்து லயத்து வீட்டில் சொந்தக் காசு போட்டுச் சிமெண்டுத் தரையோடு பெரிய அடுப்படி கட்டியிருந்தார். வெளியேறச் சொன்னபோது அந்த அடுப்படிக்கு யாரும் ஒரு காசு கணக்குப் பார்க்கவில்லை. வீடு அவருடையது அல்ல, அவ்வளவுதான். வட சிலாங்கூர்த் தோட்டங்களில் இது பல குடும்பங்களின் கதை. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்கள் ஒரு சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டு காத்துக் கிடந்தார்கள் என்பதை நாம் அறிவோம். "அப்ப போனது போகட்டும். இந்தத் தடவ என் உழைப்புக்கு முழுசா காசு வாங்காம விட மாட்டேன்" என்றார் மாமா. அவர் அந்த அடுப்படிக்கும் சேர்த்துத்தான் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டபின் நான் விளம்பரம் எழுதவில்லை. ஒரு தாளை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம்.

முதல் கணக்கு, சந்தையில் என்ன விலை என்பது. லங்காவி, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் ஆகிய இடங்களில் அதே நீளத்தில், ஏறக்குறைய அதே வயதில் விற்பனைக்கு இருந்த ஆறு படகுகளின் விலையை எழுதினோம். 80,000 முதல் 1,10,000 வரை கேட்டிருந்தார்கள். இவை கேட்கிற விலைகள். கைமாறிய விலைகள் அல்ல. படகுத் தரகர்களிடம் விசாரித்தபோது பெரும்பாலும் அதற்கும் குறைவாகத்தான் முடிகிறது என்றார்கள். மாமாவின் படகு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதுவும் 1984ஆம் ஆண்டுப் படகுதான். 1,65,000 வெள்ளி வைத்திருப்பவர் இன்னும் வயது குறைந்த, பெரிய படகைத்தான் தேடுவார்.

இரண்டாவது கணக்கு, செலவை மூன்றாகப் பிரிப்பது. என்ஜின், எஃகுக் கம்பிகள், பாய்கள், மின்கம்பிகள் எல்லாம் படகைப் படகாக ஆக்கிய செலவு. அந்தக் கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். மாற்றாத படகுக்குக் காப்புறுதி கிடைப்பதே சிரமம். ஆனால் இந்தச் செலவு படகைச் சந்தை விலைக்குக் கொண்டுவந்து நிறுத்துமே தவிர, அதைத் தாண்டி ஏற்றிவிடாது. கடலுக்குப் போகிற படகில் என்ஜின் ஓட வேண்டும் என்பது வாங்குபவரின் குறைந்தபட்ச எதிர்பார்ப்பு. அடுத்தது, சாயமும் துப்புரவும். இது விலையைக் கூட்டாது. விற்பனையைச் சீக்கிரம் முடிக்க உதவும். மூன்றாவது, நம் ஆசைக்குச் செய்தது. மாமா உள்ளே செங்கால் மரத்தில் ஒரு பிள்ளையார் மாடம் செதுக்கி வைத்திருந்தார். அழகான வேலை. ஆனால் வாங்குபவருக்கு அது வெறும் பலகை.

அப்படியானால் கூலி? இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. மாமாவே சொன்னார். "நான் செஞ்சது எனக்குப் புடிச்ச வேலை. யாரும் என்னைக் கூப்பிட்டுச் செய்யச் சொல்லலையே."

மூன்றாவது கணக்குதான் அத்தை போட்டது. பட்டறை வாடகை, காவலுக்குக் கொடுப்பது, காப்புறுதி என்று மாதம் 900 வெள்ளி போய்க்கொண்டிருந்தது. எட்டு மாதத்தில் 7,200. "70,000 கேட்டவருகிட்ட இன்னும் பத்தாயிரம் ஏத்திப் பேசியிருந்தா, இந்த ஏழாயிரமும் மிச்சமாகியிருக்கும்" என்றார். விற்காத பொருள் விலை மாறாமல் நிற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் அது நம் கையிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கிறது.

அன்று மாலை மாமாவுக்கு ஒரு பழைய செய்தியைச் சொன்னேன். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறை ஒரு காலத்தில் பாய்க்கப்பல் கட்டுவதில் பேர்போன ஊர். அங்கே நம் ஆட்கள் கட்டிய ஒரு கப்பல் அன்னபூரணி. சரக்கு ஏற்றிய கப்பல்தான். 1930களில் அதை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். அதற்கு முன்பே சிறிய பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்தவர் அவர். புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று கப்பலுக்குப் புதுப்பெயர் வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பாய்க்கப்பல்களின் காலம் முடிந்துகொண்டிருந்த நேரம் அது. உள்ளூரில் அது நெல்லும் அரிசியும் ஏற்றுகிற கப்பல்களில் ஒன்று. அட்லாண்டிக்கைத் தாண்ட ஆசைப்பட்ட ஒருவரின் கண்ணுக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நாம தப்பான எடத்துல வச்சு விக்கிறோம்னு சொல்ற" என்றார். அதேதான். சேறும் வண்டலும் நிறைந்த நம் ஆற்று முகத்தில், பெருநீர் ஏறும்போது மட்டும் மிதக்கிற படகை யார் தேடி வருவார்கள்? கோலசிலாங்கூருக்கு வருகிறவர்கள் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கவும், மலாவத்தி மலையில் குரங்குகளுக்குத் தீனி போடவும்தான் வருகிறார்கள். பாய்ப்படகுக்காரர்கள் கூடும் இடம் வேறு. 1990 முதல் நடந்து வரும் ராஜா மூடா சிலாங்கூர் பாய்ப்படகுப் போட்டி நவம்பரில் கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவியில் முடிகிறது. அதற்கு முந்தின மாதங்களில் படகைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

ஆகஸ்டில் ஒரு பெருநீர் நாளில் படகை இறக்கிக் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டு போனோம். விலை 98,000 என்று வைத்தோம். விளம்பரத்தில் "அருமையான படகு" என்று ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. என்ஜின் எந்த ஆண்டு மாற்றியது, எத்தனை மணி நேரம் ஓடியது, கம்பிகள் எப்போது மாற்றியவை, பாய்கள் எங்கே தைத்தவை என்று மட்டும் எழுதினோம். மாற்றாதவற்றையும் எழுதினோம். மேல்தளத்தில் ஒரு மூலையில் ஈரம் இறங்கியிருக்கிறது என்பதை மறைக்கவில்லை. எப்படியும் சர்வேயர் சுத்தியலால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். அவர் கண்டுபிடித்தால் விலை பேச அது ஒரு பிடி. நாமே சொல்லிவிட்டால் அது நம்பிக்கை.

555 நோட்டு அப்போதுதான் உண்மையில் பயன்பட்டது. ரசீதுகளைத் தேதி வரிசையில் கோப்பில் அடுக்கினோம். பதிவுப் பத்திரம், முந்தின உரிமையாளர் எழுதிக் கொடுத்த விற்பனைப் பத்திரம் எல்லாம் முன்னால் வைத்தோம். வரி கட்டிய படகா, வரியில்லாத் தீவான லங்காவியில் மட்டுமே வைத்திருந்த படகா என்பதும் வாங்குபவருக்கு முக்கியம். அந்தத் தாளும் இருந்தது.

ஒன்பது பேர் வந்து பார்த்தார்கள். அக்டோபரில் ஒரு தம்பதி 82,000 கேட்டார்கள். மாமா இந்த முறை கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து வைத்து, என்ஜினை ஓட்டிக் காட்டிவிட்டு, 90,000 என்றார். வழக்கப்படி பத்து விழுக்காடு முன்பணம் கட்டினார்கள். சர்வேயர் செலவும் படகைக் கரையேற்றும் செலவும் அவர்களுடையது. ஒரு நாள் கடலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஈரம் இறங்கிய மூலைக்காக 2,000 குறைத்து, 88,000 வெள்ளிக்கு முடிந்தது. முழுப் பணமும் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் சாவி கைமாறியது.

நோட்டின்படி பார்த்தால் 38,000 வெள்ளி நட்டம். அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் 70,000 கேட்டவரை அனுப்பிய கதையைவிட இது நல்ல முடிவு. பெஸ்தாரி ஜெயா வீட்டுக்கு மீதிப் பணம் டிசம்பருக்குள் கட்டியாகிவிட்டது.

நம்மில் பலரிடம் பாய்ப்படகு கிடையாது. ஆனால் தாமானில் சமையலறையை இழுத்துக் கட்டிய வீடு இருக்கிறது; புது ரிம் மாட்டிய பழைய கார் இருக்கிறது. அதே கணக்குதான். வீட்டை வாங்குபவர் வங்கிக் கடனில்தான் வாங்குவார். வங்கி பார்ப்பது மதிப்பீட்டாளர் எழுதும் தொகையை. நாம் இத்தாலிய ஓடு பதித்தது அதில் அதிகம் ஏறாது. ஊராட்சியின் அனுமதி இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தால் அது விற்கும்போது தலைவலியாகவே வரும். ஆகவே புதுப்பிக்கத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்: இது நான் வாழ்வதற்கா, விற்பதற்கா? வாழ்வதற்கு என்றால் தாராளமாகச் செய்யுங்கள்; அந்தக் காசு அனுபவிப்பதிலேயே திரும்பிவிடும். விற்பதற்கு என்றால் அக்கம்பக்கத்து வீடுகள் என்ன விலைக்குக் கைமாறின என்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். எதுவாக இருந்தாலும் ரசீதை மட்டும் தூக்கி எறியாதீர்கள். வீடு விற்று ஆதாய வரி கட்ட நேர்ந்தால், வீட்டின் மதிப்பைக் கூட்டச் செய்த செலவைக் கழித்துக்கொள்ள அந்த ரசீதுதான் சாட்சி.

போன மாதம் மாமாவின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளையார் மாடம் சாமி அறையில் இருந்தது. அதை மட்டும் கழற்றிக்கொள்கிறேன் என்று வாங்கியவர்களிடம் கேட்டிருக்கிறார். அவர்களும் சிரித்துக்கொண்டே சம்மதித்திருக்கிறார்கள். பின்பக்கம் அடுப்படியை நீட்டுவதற்கு மாமா அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

"அனுமதி வாங்கியாச்சா மாமா?" என்றேன்.

"மனு போட்டாச்சு. இது என் வீடுப்பா. விக்கிறதுக்கு இல்ல" என்றார்.