காவல் நிலைய ஏடும் கணினியின் மதிப்பெண்ணும்

குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்பதை, அவருடைய வயது, முந்தைய கைதுகள், வேலை போன்ற விவரங்களைக் கொண்டு கணக்கிட்டு, ஒன்று முதல் பத்து வரையிலான மதிப்பெண்ணாக நீதிபதியின் முன் வைக்கும் கணினிக் கருவிகள் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் புழங்கிவருகின்றன. அவற்றுள் 'காம்பஸ்' என்னும் கருவி ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் அளித்த மதிப்பெண்களை 2016-இல் 'ப்ரோபப்ளிகா' செய்தி நிறுவனம் ஆராய்ந்தபோது, அடுத்த ஈராண்டுகளில் மறுகுற்றம் எதுவும் பதிவாகாத கறுப்பினத்தவருள் 44.9 விழுக்காட்டினரும், வெள்ளையருள் 23.5 விழுக்காட்டினரும் அபாயம் மிக்கவர்கள் எனத் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஒரே மதிப்பெண் பெற்றவர்கள் எவ்வினத்தவராயினும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில்தான் மீண்டும் குற்றம் செய்தனர் என்று கருவியை உருவாக்கிய நிறுவனம் பதிலளித்தது. இரு பிரிவினரிடையே பதிவான குற்ற விகிதம் வேறுபடும்போது இவ்விரு வகை நேர்மையையும் ஒருசேர நிறைவேற்றுவது இயலாது என ஆய்வாளர்கள் கணிதவழி நிறுவினர். ஆனால் கருவிக்குத் தெரிவது குற்றமன்று, பதிவான கைதுதான். கைதோ காவலர் எந்தத் தெருவுக்கு அடிக்கடி செல்கிறார் என்பதையும் பொறுத்தது.

இத்தகைய மதிப்பெண் இந்தியாவில் வழக்கத்துக்கு வரவில்லை எனினும், அதன் பின்னுள்ள கேள்வி இங்கே பழையது. குற்றவாளி திருந்தக்கூடியவரா என்பதை மரண தண்டனைக்கு முன் கருத வேண்டும், திருந்தமாட்டார் என்பதை அரசுத் தரப்பே சான்றுகளால் நிறுவ வேண்டும் என்று 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது.

அவ்விதி நடைமுறையில் என்னவாயிற்று என்பதற்குக் கடலூர் மாவட்டமே சான்று. கம்மாபுரம் காவல் சரகத்தில் 2009-இல் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் விதிக்கப்பட்ட மரண தண்டனையை 2013-இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், பெற்றோர் இழந்தது ஒரே ஆண் பிள்ளையை என்பதையும் குற்றத்தின் கொடுமையைக் கூட்டும் காரணமாக எண்ணியது. சீராய்வு மனுவை விசாரித்து 2023 மார்ச் 21-இல் அதே நீதிமன்றம், கொல்லப்பட்ட குழந்தை ஆணா பெண்ணா என்பதை எடைபோடலாகாது என்றும், திருந்தும் வாய்ப்பு உரியவாறு ஆராயப்படவில்லை என்றும் கூறி, தண்டனைக் குறைப்புக்கு இடமின்றி 20 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறையாக அதை மாற்றியது. கைதியின் சிறை நடத்தை பற்றிய தகவலைப் பிரமாணப் பத்திரத்தில் மறைத்ததற்காகக் கம்மாபுரம் காவல் ஆய்வாளரிடம் விளக்கமும் கேட்டது.

மனிதர் வைத்த எடைக்கல்லும் கோணலானதே. ஆனால் அது தீர்ப்பில் எழுத்தாக இருந்ததனால், பத்தாண்டு கழித்தேனும் அகற்ற முடிந்தது. காம்பஸின் கணக்கு முறையோ நிறுவனத்தின் வணிக இரகசியமாகக் காக்கப்படுவது; அதை எதிர்த்த லூமிஸ் வழக்கில் 2016-இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், எச்சரிக்கைகளை விதித்து, மதிப்பெண்ணை மட்டுமே அடிப்படையாகக் கொள்ளலாகாது என்றதே தவிர, அந்த இரகசியத்தைத் திறக்கச் சொல்லவில்லை.

கருவிக்குத் தீனியாகும் காவல் நிலைய ஏட்டின் வரலாறும் மறக்கத்தக்கதன்று. 1871-இன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டு, குறவர் உள்ளிட்ட சமூகங்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக அறிவித்தது. பின்னர் சட்டம் நீங்கியது, ஐயம் நீங்கவில்லை. திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்ட குறவர் ஒருவர் 1993-இல் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதும் இதே கம்மாபுரம் காவல் நிலையத்தில்தான். இத்தகைய நிலையங்கள் ஐயத்துக்குரியோரைக் குறித்துவைக்கும் 'சரித்திரப் பதிவேடு' கணினிக்குள் ஏறினால், சாதி என்னும் கட்டமே படிவத்தில் இல்லாவிட்டாலும், ஊரும் தெருவும் பழைய கைதுகளும் அதன் வேலையைச் செய்துவிடும்.

மரண தண்டனை வழக்குகளில் உளவியல் மதிப்பீடு, சிறை நடத்தை அறிக்கை ஆகியவற்றைப் பெற வேண்டும் என 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பணித்திருப்பது சரியான தொடக்கம். அவ்வறிக்கைகளைக் கைதி படித்துப் பார்க்கவும் மறுக்கவும் உரிமை உறுதியாகும் வரை, எந்தக் கருவியின் மதிப்பெண்ணும் தண்டனைத் தீர்ப்புக்குள் நுழையலாகாது. காவல் ஆய்வாளர் எழுதாமல் விட்ட வரியை எந்தக் கணினியாலும் கூட்டிக் கணக்கிட முடியாது.