எலியின் சாட்சி போதுமா?

அம்பத்தூர்ப் பள்ளி மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள்: "எங்கள் தாத்தாவுக்கு இரத்தக் கொதிப்பு. ஆவடியில் ஒருவர், 'அக்குபங்சர் ஊசி குத்திக்கொண்டால் போதும், மாத்திரை வேண்டாம். எலிகளிடமே நிரூபித்துவிட்டார்கள்' என்கிறாராம். மாத்திரையை நிறுத்திவிடலாமா, சார்?"

மாணவ நண்பர்களே, எலிகளிடம் சோதித்தது உண்மைதான். அமெரிக்காவில், இர்வைன் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜான் லாங்ஹர்ஸ்ட் குழுவினர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2016-இல் வெளியான அவர்களது ஆய்வில், எலிகளைக் குளிரில் வைத்து இரத்த அழுத்தத்தை உயரச் செய்தார்கள். அவற்றின் காலில் ஊசி செருகி, மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். ஐந்து வாரச் சிகிச்சையில் அழுத்தம் குறைந்தது. சிகிச்சை முடிந்து மூன்று நாளாகியும் பலன் நீடித்தது. மூளைத்தண்டில் என்கெஃபலின் என்ற பொருள் கூடுதலாக உண்டாகி, இரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புக் கட்டளையைத் தணிக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

எலிக்கு ஊசியின்மேல் நம்பிக்கை கிடையாது. ஆகவே இதை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் குளிரில் சில வாரங்களில் ஏறிய அழுத்தம் வேறு; உப்பு, பரம்பரை, வயது எல்லாம் சேர்ந்து பல ஆண்டுகளில் தாத்தாவுக்கு ஏறிய அழுத்தம் வேறு அல்லவா?

எனவே மனிதரிடமும் சோதிக்க வேண்டும். மனிதருக்கோ நம்பிக்கை உண்டு. அதனால் சிலருக்கு உரிய புள்ளிகளிலும், சிலருக்கு வேறு இடங்களிலும் ஊசி குத்துவார்கள். தமக்குக் கிடைத்தது எது என்பது நோயாளிக்குத் தெரியாது. அமெரிக்காவில் 192 பேரிடம் இப்படிச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மை ஊசி, போலி ஊசியைவிட அதிகப் பலன் தரவில்லை. 2007-இல் வெளியான, ஜெர்மனியில் 160 பேரிடம் நடந்த சோதனையிலோ அழுத்தம் சுமார் 5 மில்லிமீட்டர் குறைந்தது. ஆனால் சிகிச்சை நின்ற மூன்று மாதத்தில் அந்தப் பலன் மறைந்துவிட்டது.

பழைய மருத்துவம் என்பதால் இப்படிச் சந்தேகப்படுகிறோமா? இல்லை. நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தியை எண்ணிப் பாருங்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அதை இரத்தக் கொதிப்புள்ள 50 பேருக்குக் கொடுத்து அளந்து, 1949-இல் கட்டுரை எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-இல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு, பல நாடுகளில் மருந்தாகப் பயன்பட்டது. அந்த வேருக்கு மதிப்புத் தந்தது அதன் பழமையன்று, மனிதரிடம் செய்த அளவீடே.

எலிச் சோதனை ஆராய்ச்சிக்கு நல்ல தொடக்கம். ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொல்ல அது போதாது என்பதே என் கருத்து. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது. மாத்திரையை விட்டாலும் உடனே எதுவும் தெரியாது. ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோதான் அது தன்னைக் காட்டும்.

ஆகவே அந்த மாணவிக்குச் சொன்னேன்: "அம்மா, தாத்தா விரும்பினால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஊசி குத்திக்கொள்ளட்டும். மாத்திரை தொடரட்டும். தினமும் ஒரே நேரத்தில், அவரை உட்காரவைத்து அழுத்தத்தை அளந்து நோட்டில் குறித்து வை. மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை அந்த நோட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். எலி சொல்ல வேண்டாம்."