தடை செய்யப்பட்டவன் எல்லாம் நல்லவன் இல்லை

"ஹிட்லரே தடை செய்த ஓவியன். பிறகெப்பிடி அவனை நாசி எண்டு சொல்லுவியள்?"

எமில் நோல்டே என்ற பெயரை எடுத்தால் போதும், யாராவது ஒருத்தர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். யேர்மன்காரரும் கேட்பார்கள், யேர்மனியில் முப்பது வருசம் இருக்கிற எங்கட ஆட்களும் கேட்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டைக்குள்ளால் ஒரு முழு நாடே ஐம்பது வருசமாகத் தப்பிப் போய்க்கொண்டிருந்தது.

நான் ஓவியம் படித்தவனில்லை. கம்பஸைப் பாதியில் விட்டுவிட்டு வந்து இங்கே ஒரு ரெஸ்ரோரண்டின் குசினியில் நிற்கிறவன். ஆனால் படம் பார்க்கப் பட்டம் தேவையில்லை, டிக்கெட் இருந்தால் காணும். ஆகவே பார்த்ததையும் வாசித்ததையும் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஆளைப் பற்றி. நோல்டேயின் சொந்தப் பெயர் ஹான்ஸ் எமில் ஹான்சன். 1867இல் நோல்டே என்ற கிராமத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். ஊர்ப் பெயரைத்தான் பிறகு தன்னுடைய பெயராக்கினார். அந்த ஊர் அப்போது பிரஷ்யாவில் இருந்தது. 1920இல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு டென்மார்க்குக்குப் போய்விட்டது. மரச் சிற்ப வேலை பழகி, சுவிசில் சென்ட் காலனில் வரைதல் வாத்தியாராக இருந்து, மலைகளுக்கு மனித முகம் வைத்துத் தபால் அட்டை போட்டு விற்று, அந்தக் காசில் ஓவியனாகலாம் என்று துணிந்து இறங்கியவர். மியூனிக்கில் பெரிய ஓவியரான ஃப்ரான்ஸ் ஸ்டுக் அவரை மாணவனாக எடுக்க மறுத்தார். கஷ்டப்பட்டு மேலே வந்த மனிதர் என்பதில் சந்தேகமில்லை.

ஓவியனாக? பெரிய ஆள்தான். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1909இல் வரைந்த 'கடைசி இராப்போசனம்', 'பெந்தெகொஸ்தே' இரண்டையும் பாருங்கள். அதுவரை ஐரோப்பா வரைந்து வைத்திருந்த அழகான, மெல்லிய யேசுவும் சீடர்களும் அங்கே இல்லை. முகமூடி மாதிரி முகங்கள், தடித்த மூக்குகள், எரியிற மஞ்சளும் சிவப்பும். உள்ளே கொதிக்கிறதை அப்படியே துணியில் கொட்டுவதுதான் எக்ஸ்பிரஷனிசம் என்றால், இதுதான் அது.

1910இல் பேர்லின் செசெஷன் என்ற ஓவியர் சங்கம் 'பெந்தெகொஸ்தே'யைக் கண்காட்சிக்கு எடுக்க மறுத்தது. சங்கத்தின் தலைவர் மாக்ஸ் லீபர்மான். அவர் ஒரு யூதர். நோல்டே அவரைத் தாக்கி ஒரு கடிதம் எழுத, சங்கம் நோல்டேயை வெளியேற்றியது. இது கலை உலகில் வழக்கமாக நடக்கிற சண்டை. கிழவன்மாருக்கும் இளையவர்களுக்கும் இடையில் எப்போதும் நடப்பது. ஆனால் நோல்டே அதைக் காவித் திரிந்தார். 1934இல் வந்த தன்னுடைய சுயசரிதையின் இரண்டாம் பாகத்தில், யூதர்களுக்கு எதிரான தன்னந்தனி யேர்மன் போராளியாகத் தன்னைக் காட்டிக்கொண்டார். அவருக்காக ஆரம்பத்திலேயே குரல் கொடுத்தவர்களில் ஹம்பேர்க்கைச் சேர்ந்த ரோசா ஷாபிரே என்ற கலை வரலாற்று அறிஞரும் ஒருவர். அவரும் யூதர். அந்தப் பெண்மணி 1939இல் லண்டனுக்கு அகதியாக ஓடவேண்டி வந்தது.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது நோல்டேக்கு வயது 65. அறியாத வயதில்லை. அந்த வருசம் அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். தன்னுடைய சக ஓவியர் மாக்ஸ் பெச்ஸ்டைன் ஒரு யூதர் என்று பிரச்சார அமைச்சின் அதிகாரி ஒருவரிடம் போட்டுக்கொடுத்தார். பெச்ஸ்டைன் யூதரே இல்லை. பாவம் அந்த மனிதன் தன்னுடைய பரம்பரையை நிரூபிக்க அலைந்தார். யேர்மனியில் இருந்து யூதர்களை அகற்றி வேறிடத்தில் குடியேற்ற ஒரு திட்டத்தையும் நோல்டே அதே வருசம் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது குடும்பக் கடிதங்களில் இருந்து தெரிகிறது. அதை ஹிட்லரிடம் சேர்ப்பிக்கவும் ஆசைப்பட்டார். நவம்பரில் ஹிம்லரின் விருந்தாளியாக மியூனிக்குக்குப் போனார். 1934இல் ஹிட்லரை ஆதரித்த கலைஞர்களின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். டென்மார்க் குடியுரிமை இருந்ததால், வட ஷ்லெஸ்விக்கில் இயங்கிய நாசி அமைப்பில் அதே வருசம் சேர்ந்தார்.

இதில் ஒன்றையும் யாரும் அவரைக் கழுத்தில் பிடித்துச் செய்விக்கவில்லை.

பிறகுதான் அந்தப் பகிடி நடந்தது. ஹிட்லருக்கு அவருடைய படங்கள் பிடிக்கவில்லை. கட்சிக்குள் நோல்டேக்கு ஆதரவாளர்கள் இருந்தார்கள். நாசி மாணவர்களில் ஒரு பகுதி எக்ஸ்பிரஷனிசம்தான் உண்மையான யேர்மன் கலை என்று சொன்னது. கோயபல்சின் வீட்டிலேயே நோல்டேயின் நீர்வண்ணப் படங்கள் மாட்டப்பட்டு, ஹிட்லர் முகம் சுளித்ததும் கழற்றப்பட்டதாக ஆல்பேர்ட் ஸ்பியர் தன்னுடைய நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். கடைசியில் ஹிட்லரின் ரசனைதான் வென்றது. 1937இல் யேர்மன் அருங்காட்சியகங்களில் இருந்து நோல்டேயின் 1,052 படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன. வேறெந்த ஓவியருக்கும் அவ்வளவு போகவில்லை. மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று வைத்த கண்காட்சியில் அவருடைய ஒன்பது துண்டு 'கிறிஸ்துவின் வாழ்க்கை'யைச் சனத்துக்குக் காட்டி நக்கலடித்தார்கள்.

அநியாயம்தான். மறுக்கவில்லை. ஆனால் அந்த அநியாயத்துக்கு நோல்டே கொடுத்த பதில் என்ன? "நான் உங்கட ஆள், என்னை ஏன் இப்பிடிச் செய்யிறியள்?" என்பதுதான் அவர் கோயபல்சுக்கு எழுதிய முறைப்பாட்டின் சாரம். யூதர்களுக்கு எதிராகத் தான் போராடியவன் என்பதையே தகுதியாகக் காட்டினார். அதோடு வேதாகமப் படங்களைக் கைவிட்டு வட நாட்டு வீரர்கள், வைக்கிங் கதைகள் என்று மாறியும் பார்த்தார். 1941இல் கலைஞர் சபையில் இருந்து நீக்கப்பட்டு, படம் விற்கவும் காட்சிக்கு வைக்கவும் தடை வந்தது. அதன் பிறகும் ஹிட்லரில் இருந்த நம்பிக்கை போகவில்லை.

கதவைத் தட்டித் தட்டி உள்ளே விடச்சொல்லிக் கேட்டவனை, கதவு திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போராளி என்று சொல்லலாமா?

லீபர்மான் 1935இல் செத்துப்போனார். அவருடைய மனைவி மார்த்தாவுக்கு 85 வயதாக இருந்தபோது, 1943 மார்ச்சில், முகாமுக்கு ஏற்ற வருகிறார்கள் என்று தெரிந்ததும் நஞ்சு எடுத்துச் செத்தார். அந்த நேரம் நோல்டே ஸேபியூலில் தன்னுடைய சொந்த வீட்டில், தன்னுடைய பூந்தோட்டத்தோடு இருந்தார். பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லை இந்த இரண்டு பேருக்கும் ஒரே அளவில் போடுகிறவனோடு எனக்குக் கதையில்லை.

இனித்தான் முக்கியமான விசயம். 1945க்குப் பிறகு ஒரு புதுக் கதை சமைக்கப்பட்டது. வெறும் தொழில் தடை, 'வரையவே தடை' ஆகியது. இரகசியப் பொலிஸ் வந்தால் எண்ணெய் வண்ணத்தின் மணம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சின்னச் சின்னக் கடதாசியில் நீர்வண்ணத்தில் ஒளித்து வரைந்தாராம். அவற்றுக்கு 'வரையப்படாத படங்கள்' என்று பெயர். 1,300க்கு மேல் இருக்கின்றன. உண்மையில் அவற்றில் பல தடை வருவதற்கு முதலே வரையப்பட்டவை என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சுயசரிதையின் பிந்திய பதிப்பில் யூத வெறுப்புப் பகுதிகள் சத்தமில்லாமல் வெட்டப்பட்டன. 1946இல் அவருக்கு நற்சான்று கிடைத்தது. 1952இல் பெரிய அரச விருது கிடைத்தது. 1956இல் கௌரவமாகச் செத்தார்.

'வரையப்படாத படங்கள்' பற்றி 1963இல் புத்தகம் போட்டு இந்தக் கதையை உலகத்துக்குக் கொண்டுபோனவர் வெர்னர் ஹாஃப்ட்மான் என்ற கலை வரலாற்று அறிஞர். அவரே முந்தி நாசிக் கட்சியில் இருந்தவர் என்பது அவர் செத்து வருசங்கள் கழித்துத்தான் சனத்துக்குத் தெரிந்தது. 1968இல் சீக்பிரீட் லென்ஸ் 'டொய்ச்ஸ்ருண்ட' நாவலை எழுதினார். அதில் வருகிற ஓவியனின் பெயர் நான்சன். வரையத் தடை விதிக்கப்பட்ட நல்ல மனிதன். நாவல் இலட்சக்கணக்கில் விற்றது, பள்ளிக்கூடங்களில் பாடமாகியது. எங்கட பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாவல் எழுத லென்சுக்கு உரிமை இருக்கிறது. நான்சனை நோல்டே என்று வாசித்துச் சந்தோசப்பட்டவர்களில்தான் பிழை.

ஏன் சந்தோசப்பட்டார்கள்? அந்தச் சனத்துக்கு அப்படி ஒருத்தர் தேவைப்பட்டார். ஹிட்லரை விரும்பி, பிறகு ஹிட்லராலேயே அடிவாங்கி, கடைசியில் சுத்தமாக எழும்பி நின்ற ஒருவர். அவர் சுத்தமென்றால் நாங்களும் சுத்தம். நோல்டேயின் கதையை யேர்மன்காரர் தங்களுக்காகத்தான் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

இது எங்களுக்கு விளங்காத விசயமா? அகதி கேஸ் எழுதின ஆட்களுக்கு நல்லாய் விளங்கும். விசாரணையில் எது உதவுமோ அது முன்னுக்கு வரும், உதவாதது பின்னுக்குப் போகும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன் அப்படிச் செய்தால் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் விசா கிடைத்து, வீடு வாங்கி, பிள்ளைகள் யூனிவேர்சிற்றிக்குப் போன பிறகும், அந்தக் கேஸ் பேப்பர்தான் எங்கட முழு வரலாறு என்று நம்பிக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

1983 உண்மை. 2009 முள்ளிவாய்க்கால் உண்மை. 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம் சனத்தைப் புலிகள் வெளியேற்றியதும் உண்மை. யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது சில மணித்தியால அவகாசம். இதைச் சொன்னால் "எங்களுக்கு நடந்தது தெரியாதோ?" என்று பாய்ந்து வருகிறார்கள். தெரியும். நோல்டேயையும் ஒரு சனத்தையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் "எனக்கு அடிவிழுந்தது, ஆகவே நான் ஆருக்கும் அடிக்கவில்லை" என்ற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் பிழைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நோல்டே 1913இல் அரசாங்கப் பயணக் குழு ஒன்றோடு நியூகினிக்குப் போனார். அங்கத்தைய மக்களை வெள்ளைக்காரர் அழிக்கிறார்கள் என்று உருக்கமாக எழுதினார். அதே மனிதன்தான் இருபது வருசம் கழித்து யூதர்களை வெளியேற்றத் திட்டம் யோசித்தான். முரண்பாடு மாதிரித் தெரிகிறதா? எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒவ்வொரு இனமும் அதனதன் மண்ணில் கலப்பில்லாமல் இருக்கவேண்டும் என்று நினைக்கிறவன், தூரத்தில் இருக்கிறவனுக்காக அழுவான், பக்கத்து வீட்டுக்காரனைத் துரத்துவான். இரண்டும் ஒரே மனசில் இருந்துதான் வருகிறது.

2013க்குப் பிறகு ஸேபியூலில் உள்ள நோல்டே நிறுவனம் தன்னுடைய ஆவணங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. பேர்ண்ஹார்ட் ஃபுல்டா, அயா சோய்க்கா போன்றவர்கள் கடிதம் கடிதமாகத் தேடினார்கள். 2019இல் பேர்லின் ஹம்பேர்கர் பான்ஹோஃப் அருங்காட்சியகத்தில் படங்களையும் ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்காட்சி நடந்தது. செய்யவேண்டிய முறை அதுதான் என்று நினைக்கிறேன்.

அதே நேரம் அப்போதைய சான்சலர் அங்கேலா மெர்கல் தன்னுடைய அலுவலகத்தில் இருந்த இரண்டு நோல்டே படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒன்று 1936இல் வரைந்த கடலலை. ஏன் என்று ஒரு விளக்கமும் இல்லை. அதற்குப் பதிலாக ஷ்மித்-ரொட்லுஃப்பின் படங்களை வைக்க யோசித்தார்களாம். அவருடைய பழைய கடிதங்களிலும் யூதர்களைப் பற்றி மோசமான வசனங்கள் இருக்கின்றன என்று தெரியவந்ததும், சுவரை வெறுமையாகவே விட்டார்கள்.

வெறும் சுவர் ஒருத்தருக்கும் ஒன்றும் சொல்லாது. ஐம்பது வருசம் பொய்யைச் சொல்லி மாட்டிவைத்துவிட்டு, உண்மை வந்தவுடன் படத்தைக் கழற்றுவதும் மறைக்கிற வேலைதான். அந்தக் கடலலை நல்ல படம். யூத வெறியன் ஒருவனாலும் அப்படி ஒரு அலையை வரைய முடிந்திருக்கிறது. அது நம்பக் கஷ்டமான, ஆனால் நாங்கள் தெரிந்திருக்கவேண்டிய விசயம். படம் சுவரில் இருக்கட்டும். பக்கத்திலேயே பெச்ஸ்டைனைக் காட்டிக்கொடுத்த கதையும் இருக்கட்டும். இரண்டையும் பார்க்கத் தெம்பில்லாதவன் ஒன்றையும் பார்க்கவேண்டாம்.

உங்கட பிள்ளை ஒரு நாள் 'டொய்ச்ஸ்ருண்ட'வைப் புத்தகப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தால் வரும். நல்ல நாவல், படிக்கவிடுங்கள். படித்து முடிந்ததும் மார்த்தா லீபர்மான் யார் என்று சொல்லிக்கொடுங்கள். அப்படியே 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதையும், வேறு யாராவது சொல்லுவதற்கு முதல் நீங்களே சொல்லிவிடுங்கள்.