இலக்கணம் சரி, பொருள்தான் மாறிவிட்டது

மும்பையில் நம்மவர்களில் ஒரு பகுதியினர் வேரூன்றியது ஆங்கிலக் கடிதத்தின் புண்ணியத்தால் என்றால் மிகையில்லை. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் பாலக்காட்டிலும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹாண்டு பாஸ் செய்துவிட்டு மாதுங்காவில் வந்து இறங்கிய தலைமுறைக்கு, பிழையில்லாத ஒரு பக்க ஆங்கிலம்தான் சோறு போட்டது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம் பல வீடுகளில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

இன்று அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறார்கள். ஆனாலும் வீட்டில் கடிதம் எழுதும் வேலை குறைந்தபாடில்லை. சொசைட்டி செயலாளருக்கு, பாங்குக்கு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டித் தருகிறேன் என்று வரும் பில்டருக்கு என்று எதையாவது எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம். தகவல் உரிமைச் சட்டம் 2005ன்படி மனுப் போடுவதானால் ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்பது விதி. இங்கே அது மராத்தி. நம்மில் பெரும்பாலோருக்குக் கைவருவது ஆங்கிலம்தான். மத்திய அரசு அலுவலகங்களுக்கான மனு சாதாரணமாக 500 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்று 2012ஆம் வருஷ விதிகள் வேறு சொல்கின்றன. அளந்து எழுத வேண்டிய இடம் அது.

நம் ஆங்கிலம் கெட்டுவிட்டது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் எப்போதும் சில உதாரணங்களையே எடுத்து வைப்பார்கள். 'பிரிபோன்' என்று ஒரு சொல் உண்டா? 'டு த நீட்ஃபுல்' என்று யாராவது எழுதுவார்களா? 'டுடே இட்செல்ஃப்' என்ன பாஷை? என் அபிப்பிராயம், இவற்றை விட்டுவிடலாம் என்பதே. 'பிரிபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இடம் பிடித்தாயிற்று. 'நீட்ஃபுல்' வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ்களில் புழங்கிய சொல். நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். 'டுடே இட்செல்ஃப்' என்பதில் நம் 'இன்றே'யின் ஏகாரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. படிப்பவர் சிரிக்கலாம். ஆனால் சொல்ல வந்தது அவருக்குப் புரிந்துவிடுகிறது.

எனக்குக் கவலை தருபவை வேறு வகை வாக்கியங்கள். அவற்றில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இராது. ஆசிரியர் சிவப்பு மையால் கோடு போட மாட்டார். ஆனால் எழுதியவர் நினைத்தது ஒன்று, காகிதத்தில் நிற்பது வேறொன்று.

'டவுட்' என்ற சொல்லையே பாருங்கள். நமக்கு அது 'சந்தேகம்'. "வாட்ச்மேன் பணத்தை எடுத்திருப்பான் என்று சந்தேகப்படுகிறேன்" என்று மனதில் வைத்துக்கொண்டு, "ஐ டவுட் தட் தி வாட்ச்மேன் டுக் தி மணி" என்று எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இதற்கு, 'அவன் எடுத்திருப்பான் என்று நான் நம்பவில்லை' என்று அர்த்தம். குற்றம் சாட்டப் போனவர் நற்சான்று கொடுத்துவிட்டு வருகிறார்! அங்கே வர வேண்டியது 'சஸ்பெக்ட்'. போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கும் புகாரில் இது சின்ன விஷயமா?

அடுத்து, 'ஏ' என்ற ஓரெழுத்துச் சொல். தமிழில் அதற்கு நேரான சொல் இல்லாததால் நாம் அதைப் பல இடங்களில் விழுங்கிவிடுகிறோம். பெரும்பாலும் அதனால் நஷ்டமில்லை. ஆனால் "ஏ ஃபியூ மெம்பர்ஸ் அட்டெண்டட்" என்றால் சிலர் வந்தார்கள். "ஃபியூ மெம்பர்ஸ் அட்டெண்டட்" என்றால் வெகு சிலரே வந்தார்கள், யாரும் லட்சியம் செய்யவில்லை என்கிற தொனி. பொதுக்குழுக் கூட்டத்தின் குறிப்பில் இந்த 'ஏ' விழுந்துபோனால், கூட்டம் நடத்தியவர்களின் முகம் வாடும். நாம் 'சிலர்', 'சிலரே' என்று ஏகாரம் போட்டுக் காட்டுவதை, அவர்கள் 'ஏ'யை எடுத்துவிட்டுக் காட்டுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

காலம் காட்டுவதில் இன்னும் பெரிய பள்ளம். "இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன்" என்பதைப் பெரியவர் ஒருவர், "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ட்வெண்ட்டி இயர்ஸ்" என்று எழுதுகிறார். தவறுதான், ஆனால் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார் என்பது தெளிவு. கான்வென்டில் படித்த பேரன் அதைத் திருத்தி, "ஐ லிவ்ட் ஹியர் ஃபார் ட்வெண்ட்டி இயர்ஸ்" என்கிறான். வாக்கியம் சுத்தம். அர்த்தமோ, இருபது வருஷம் இருந்தேன், இப்போது இல்லை என்று போகிறது! பகடி வீட்டில் குடியிருப்பவர், கட்டடம் மறுகட்டுமானத்துக்குப் போகிற நேரத்தில், தம் கையெழுத்தோடு இப்படி ஒரு காகிதம் கொடுக்கலாமா? 'ஐ ஹாவ் லிவ்ட்' என்று ஒரு 'ஹாவ்' சேர்த்திருந்தால் விஷயம் முடிந்தது. இந்த இடத்தில் தாத்தாவின் பிழை பேரனின் திருத்தத்தைவிடப் பாதுகாப்பானது என்பேன்.

'வீ' என்பதும் இந்த ஜாதிதான். தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. மராத்தியிலும் அப்படியே: 'ஆம்ஹி' என்றால் நாங்கள், 'ஆபண்' என்றால் நாம். இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றே. ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றே. மாடியிலிருந்து தண்ணீர் கசிகிறது என்று சொசைட்டிக்கு எழுதும்போது, "வீ வில் பே ஃபார் தி ரிப்பேர்" என்றால் யார் கொடுப்பது? சொசைட்டியும் நீங்களும் சேர்ந்தா, உங்கள் குடும்பம் மட்டுமா? நீங்கள் 'நாம்' என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். செயலாளர் 'நாங்கள்' என்று படித்துவிட்டு, பில்லை உங்கள் வீட்டுக்கு அனுப்புவார். 'தி சொசைட்டி அண்ட் மை ஃபேமிலி' என்று நீட்டி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதும் ஆபத்தானது. "எங்கள் நோட்டீஸ் கிடைக்கவில்லையா?" என்று கேட்டால், கிடைக்காதவர் தமிழில் "ஆமாம்" என்பார். அதே கேள்வி ஆங்கிலத்தில் வந்து, நாம் "யெஸ்" என்று ஒரு சொல்லில் பதில் எழுதினால், கிடைத்தது என்று ஒப்புக்கொண்டதாகிறது. எனவே ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், "ஐ டிட் நாட் ரிசீவ் தி நோட்டீஸ்" என்று முழுதாக எழுதிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் இப்போது செல்போனிலேயே திருத்தும் வசதி வந்துவிட்டதே என்று அன்பர்கள் கேட்கலாம். ஸ்பெல்லிங்குக்கும் ஒருமை பன்மைக்கும் அது நல்ல துணைதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 'ஐ லிவ்ட் ஹியர்' என்று தனியாக நிற்கும் வாக்கியத்தில் அது என்ன குறை காணும்? நீங்கள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்பதோ, வாட்ச்மேன் மேல் உங்களுக்குச் சந்தேகமா நம்பிக்கையா என்பதோ அதற்குத் தெரியாது. தெரிந்தவர் எழுதுகிற நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே ஆங்கிலம் திருந்த வேண்டுமானால் தமிழைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று சிலர் தரும் யோசனை எனக்குச் சம்மதமில்லை. வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம், அதைக் கேட்டு நடக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. நாமும் நாங்களும் வேறு என்று அறியாத பிள்ளைக்கு, 'வீ' என்ற சொல்லில் ஒரு குழி இருப்பது எப்படித் தெரியும்? இரண்டு கரையையும் பார்த்தவனுக்குத்தான் நடுவிலுள்ள பள்ளம் கண்ணில் படும்.

சில வீடுகளில் ஒரு வழக்கம் பார்த்திருக்கிறேன். முக்கியமான கடிதமென்றால், சொல்ல வேண்டியதை அப்பாவோ அம்மாவோ முதலில் தமிழில் நாலு வரி எழுதுகிறார்கள். பையன் அல்லது பெண் அதை ஆங்கிலத்தில் எழுதுகிறாள். பிறகு, தமிழைப் பார்க்காத வேறொருவர் அந்த ஆங்கிலத்தை வாசித்து, வாயாலேயே தமிழில் சொல்ல வேண்டும். முதல் நாலு வரிக்கும் இதற்கும் எங்கே வித்தியாசம் வருகிறதோ அங்கே மட்டும் பேனாவை வைக்கிறார்கள். கால் மணி நேர வேலை. நம் சங்கங்களின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் மாதம் ஒருமுறை இதைச் செய்து பார்க்கலாம். பாடத்துக்கு வேறு புத்தகம் வேண்டாம். அந்த மாதம் சொசைட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டிய காகிதம் ஒன்றே போதும்.