நோயாளியின் அருகே அமர்பவர்

பத்தாம் வகுப்பு மாணவி

மத்தூரில் ஒருவருக்கு நோய் முற்றிவிட்டால் வீட்டார் முதலில் கிருஷ்ணகிரிக்கும், பிறகு வேலூருக்கோ பெங்களூருக்கோ ஓடுகிறார்கள். மருந்தும் அறுவை சிகிச்சையும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் நள்ளிரவில் உறக்கமின்றி, "நான் பிழைப்பேனா?" என்று கிடப்பவருக்கு யார் துணை?

அதற்கென்றே சில மருத்துவமனைகளில் ஆன்ம குரு இருக்கிறார். சாப்ளின் என்றும் சொல்வார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இப்பணிக்குத் தனித் துறையே உண்டு. அங்கு வருவோரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். அதன் தொடக்கமே அப்படித்தான். ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் பிராமணர் ஒருவரும், முஸ்லிம் ஒருவரும், வேறோர் இந்துவும் பிரசவ வேதனையில் இருந்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு வந்தனர். அவரோ மருத்துவம் படித்தவர் அல்லர். மருத்துவரான அவருடைய தந்தை வருவதை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். பின்னர் மருத்துவம் படித்துத் திரும்பிய அம்மையார், 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். அந்த மூன்று வீடுகளுக்கும் ஓர் ஆன்ம குரு ஆறுதல் சொல்லப் போயிருந்தால், மூன்றிலும் ஒரே செபத்தையா சொல்லியிருப்பார்?

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி ஒரு மருத்துவமனையில் கிடந்தபோது, நல்ல எண்ணத்தோடு வந்த சிலர் கேளாமலே தலையில் கைவைத்து உரக்கச் செபித்தார்களாம். பாட்டி பெருமாளைக் கும்பிடுபவர். சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மறுநாள், ஆன்மப் பணியில் இருக்கும் அருட்சகோதரி ஒருவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவ்வா?" என்று தெலுங்கில் கேட்டாராம். பாட்டி அரைமணி நேரம் தம் பசுமாட்டைப் பற்றியே பேசினார். பிறகுதான் அழுதார். சகோதரி போகும்போது, தலையணைக்கடியில் இருந்த பெருமாள் படத்தைப் பாட்டி பார்க்கும்படி நிறுத்தி வைத்துவிட்டுப் போனாராம்.

"செபம் நல்லதுதானே, அதனால் என்ன கேடு?" என்று நம்மவர் சிலர் கேட்கலாம். நல்லதே. ஆயினும் எழுந்து போக இயலாதவரிடம் கேளாமல் செய்வதை நாங்கள் ஒப்பவில்லை. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் மதிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே அறிவித்துவிட்டது. கத்தோலிக்க நோயாளிக்கு நற்கருணையும் நோயில் பூசுதலும் வேண்டும். முஸ்லிம் நோயாளி இமாமைக் கேட்டால் ஆன்ம குரு அவருக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஒன்றும் வேண்டாம் என்பவரிடம் சும்மா உட்கார்ந்திருக்கவும் தெரிய வேண்டும். இதுதான் மிகக் கடினம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வகுப்பில் ஐந்து நிமிடம் பேசாதிருக்கவே எங்களால் முடிவதில்லை!

லண்டனில் 1967-இல் இறுதிநிலை நோயாளிகளுக்கென இல்லம் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நோயாளியின் வலி உடலில் மட்டும் இல்லை, மனத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் உண்டு என்று கற்பித்தார். அப்படியானால் அரசு மருத்துவமனைகளிலும் இத்தகைய ஒருவர் வேண்டாமா? தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் கேட்கும் நம் பகுதியில், நோயாளியின் வீட்டுமொழி அறிந்தவராக அவர் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 11 உலக நோயாளர் தினம். அன்று நாம் பழம் கொண்டுபோனால், பாட்டுப் பாடிவிட்டு உடனே திரும்பாமல், ஆளுக்கொரு படுக்கையருகே கொஞ்ச நேரம் உட்கார மதர் அவர்கள் அனுமதி தருவார்களா?