சிப்பாய் பொம்மையின் தோளில் வெயில்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

"வெளிச்சம்தான் தானாகவே பொம்மையின் மேல் விழுகிறதே! அதன் மேல் இன்னொரு வெளிச்சத்தை எதற்கடா தீட்டுகிறாய்? ஏமாற்று வேலை!" என்றான் விடுதி நண்பன். அன்று எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. இன்று பதில் சொல்கிறேன்.

என் தாயார் கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக் கூலி பெறுபவர். அந்தக் கூலியில்தான் நான் இக்கல்லூரி வாயிலை மிதித்தேன். பேண்டு செட்டுச் சிப்பாய்கள் எங்கள் திண்ணையில் வரிசையாகக் காயும். சட்டைக்கு ஒரு சிவப்பு, காலுக்கு ஒரு கறுப்பு, தீர்ந்தது வேலை. மேல்நாட்டிலும் தொடக்கம் இப்படித்தான். 1893-இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியபோது, அவற்றுக்கும் பளபளக்கும் ஒரே பூச்சுத்தான். அவற்றின் உயரம் 54 மில்லிமீட்டர். அதே உயரச் சிப்பாய்களின் மேல் வெயிலையும் நிழலையும் தீட்டுவதைப் பின்வந்தவர்கள் ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள்.

இது ஏமாற்றா? கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சிப்பாய் ஆளில் ஏறத்தாழ 32-இல் ஒரு பங்கு. அவனை ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, மெய்யான ஆளை 32 மீட்டருக்கு அப்பால் பார்ப்பதற்குச் சமம். சட்டையில் மூன்று சென்டிமீட்டர் ஆழமுள்ள மடிப்பு அவனிடம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. போர்க்களத்தில் நிற்க வேண்டியவன் நம் அறையில் நிற்கிறான் என்பது இன்னொன்று. வானத்துச் சூரியன் நம் கண்ணுக்கு அரைப் பாகை அகலம். அதனால் நிழல் கூர்மையாக விழும். ஆறடி உயரத்திலுள்ள நாலடி டியூப்லைட்டோ சுமார் 37 பாகை நீளத்துக்குப் பரந்து கிடக்கிறது. போதாததற்குச் சுவர்களும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. நிழல் கரைந்து போகிறது. அறை பறித்துக்கொண்ட வெயிலைத் தூரிகை திருப்பித் தருகிறது; அவ்வளவே!

தருவதிலும் நிதானம் வேண்டும். சிவப்போடு வெள்ளையைக் கலந்தால் சிப்பாய் ரோஸ் சட்டைக்காரன் ஆகிவிடுவான் (நான் கெடுத்த முதல் மூன்று பொம்மைகள் இதற்குச் சாட்சி). ஆரஞ்சைக் கலக்க வேண்டும்; கறுப்புக்குச் சாம்பல். தோளிலும் மடிப்பின் முகட்டிலும் மட்டும் வைத்து, காயுமுன் ஈரத் தூரிகையால் ஓரத்தை இழுத்துக் கரைக்க வேண்டும். நீர் வண்ணம் விரைவில் காய்ந்துவிடும். ஆகவே பாலில் தண்ணீர் கலப்பதுபோல் நீர்த்துக்கொண்டு, மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்றுவதே நல்லது. சிலர் அளவு மீறி, மழையில் நனைந்தவன்போல் ஆக்கிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை.

"நாலு பொம்மை தீட்டுற நேரத்துல ஒண்ணு தீட்டுறியே தம்பி, கூலி ஒண்ணுக்குத்தானே?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி. வியாபாரியும் இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஒரே விலை கட்டினார். அவரை நான் குறை கூறவில்லை. வாங்குகிற நாம் உயரத்தையும் எண்ணிக்கையையும் பார்த்துத்தானே பேரம் பேசுகிறோம்! பேராசிரியப் பெருமக்களே, நண்பர்களே, வருகிற நவராத்திரிக்குப் பொம்மை வாங்கினால் சிப்பாயின் தோளைச் சற்றே பாருங்கள். அங்கே வெயில் இருந்தால் ஐந்து ரூபாய் கூடக் கொடுங்கள்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் கடைசி வரிசைக் கொம்பூதியின் தோளில் மெல்லிய ஆரஞ்சுக் கீற்று ஒன்று தெரிந்தது. நான் தீட்டியதன்று.