பந்தியில கடைசி, கமிட்டியில இல்லவே இல்ல

1/
வழக்கமா இங்க சர்க்கரை, பிரஷர், டெங்குன்னு எழுதுவேன். இன்னைக்கு எழுதப்போறது சபையைப் பத்தி. "டாக்டருக்கு எதுக்குய்யா கோயில் விவகாரம்?"னு கேட்பீங்க. கடைசி வரைக்கும் படிங்க. இதுவும் உடல்நலம் பத்தின இழைதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/
புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு சபை. பேர் சொல்லமாட்டேன். நான் பிறந்து வளர்ந்த சபை. போன மாசம் கமிட்டி கூட்டம். புதுப் பொருளாளர் யாருன்னு பேச்சு. ஒருத்தர் ஒரு டீச்சர் பேரைச் சொன்னார். ரிட்டயர்டு ஹெச்.எம். இருபது வருஷம் ஒரு ஸ்கூலோட கணக்கு வழக்கு, ஆடிட், அரசாங்க மானியம் எல்லாத்தையும் பார்த்தவங்க.

3/
உடனே இன்னொருத்தர் சொன்னார்: "டீச்சரம்மா அறுப்பின் பண்டிகை சமையல் கணக்கைப் பாக்கட்டும்யா, அது போதும்." மொத்த ரூமும் சிரிச்சது. வேற ஒருத்தர் பேரை எழுதி, ஜெபம் பண்ணி, டீ குடிச்சிட்டுக் கலைஞ்சோம்.

சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்.

4/
எங்க சபையோட சட்டப் புத்தகத்துல பெண் பொருளாளரா வரக்கூடாதுன்னு ஒரு வரி கிடையாது. நான் தேடிப் பார்த்தேன். தடுத்தது சட்டம் இல்ல, அந்தச் சிரிப்புதான். சட்டத்தை எதிர்த்துக் கேஸ் போடலாம். சிரிப்பை எதிர்த்து எங்க போறது?

5/
இப்ப கிளினிக்குக்கு வாங்க. ஒரு அம்மா, மணிக்கட்டுல எலும்பு முறிவு. (அடையாளம் தெரியாம விவரங்களை மாத்தியிருக்கேன்.) "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்." இந்த வரியை எந்த டாக்டரும் வருஷத்துக்குப் பத்து தடவையாவது கேட்டிருப்பார். வழுக்கி விழுந்தா மேல்கையில விரல் பதிஞ்ச மாதிரி நாலு கன்னிப்போன தடம் வராது.

6/
கட்டுப்போட்டு முடிச்சிட்டு, "சபையில பெரியவங்க யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"ன்னு கேட்டேன். அவங்க என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கல. "யார்கிட்ட சார் சொல்ல? அங்க உக்காந்திருக்கிறவங்க எல்லாம் அவரோட சேக்காளிங்க."

7/
யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர்ல ஒரு குடும்பத்துல சண்டைன்னா போலீஸுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க போறோம்? கோயில், சபை, ஜமாஅத், ஊர்ப் பெரியவங்க. அந்த ரூம்ல உக்காந்திருக்கிறது யாரு? பத்து பேர்னா பத்தும் ஆம்பளை. அடிவாங்கின பெண் தன் உடம்புல எங்க அடின்னு அந்தப் பத்து பேர்கிட்டயா சொல்லுவா?

ஆகவே சபைத் தலைமையில பெண் வேணும்னு சொல்றது மேடையில நாற்காலி கேக்குற விஷயம் இல்ல. ஒரு பெண் வாயைத் திறந்து சொல்ல ஒரு ஆள் வேணும்ங்கிற விஷயம்.

8/
இதை நம்ம மாவட்டத்துக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தது கிறிஸ்தவங்க இல்ல. புதுக்கோட்டை ஷெரீஃபா கானம். குடும்ப வழக்கை விசாரிக்கிற ஜமாஅத்துல ஆண்கள் மட்டும். தலாக், சீதனம், அடிதடின்னு வழக்குக் கொண்டுவந்த பெண்ணே உள்ள போய்ப் பேச முடியாது. அதைப் பார்த்துத்தான் 2000களின் தொடக்கத்துல பெண்களே கூடி விசாரிக்கிற ஜமாஅத்தை அவங்க உருவாக்கினாங்க.

9/
அவங்களுக்கு எவ்வளவு எதிர்ப்பு வந்ததுன்னு ஊர்ல வயசானவங்களைக் கேளுங்க. ஆனா மாவட்டம் தாண்டிப் பெண்கள் பஸ் ஏறி வந்தாங்க. 2011-ல தீபா தன்ராஜ் இதை ஆவணப்படமாவே எடுத்தார். நாம கிறிஸ்தவங்க அதைப் பார்த்து "ஐயோ பாவம், முஸ்லிம் பெண்கள்"னு உச்சுக்கொட்டினோம். நம்ம கமிட்டி ரூம் கதவைத் திறந்து பார்த்தோமா?

10/
சரி, இப்ப வழக்கமா வர்ற பதில்களுக்கு வருவோம். முதல் பதில்: "பைபிள்லயே இருக்கே டாக்டர், பெண் உபதேசம் பண்ணக்கூடாதுன்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்காரே."

இருக்கு. முதலாம் நிருபம், 2-ஆம் அதிகாரம். மறுக்கல.

11/
அதே நிருபத்துல 5-ஆம் அதிகாரத்தையும் திருப்புங்க. தீமோத்தேயுவோட வயித்துக் கோளாறுக்குத் தண்ணி மட்டும் குடிக்காம கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கச் சொல்றார் பவுல். என்கிட்ட அல்சரோட வர்ற எந்த விசுவாசிக்காவது நான் இதை எழுதிக் கொடுத்தா என்ன சொல்லுவீங்க? "அது அந்தக் காலத்துக்கு, அந்த ஆளுக்குச் சொன்னது"ன்னு சொல்லுவீங்க. கரெக்ட். அந்த நியாயத்தை மூணு அதிகாரம் முன்னாடி ஏன் கொண்டுபோக மாட்டேங்கிறீங்க?

12/
கொரிந்தியர் முதல் நிருபம் 14-ல பெண்கள் சபையில பேசக்கூடாதுன்னு இருக்கு. அதே நிருபம் 11-ல பெண்கள் ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை எப்படி வச்சுக்கணும்னு இருக்கு. வாயே திறக்கக்கூடாதுன்னா தீர்க்கதரிசனம் எப்படிச் சொல்லுவாங்க? சைகையிலயா? முக்காடு வசனத்தை மட்டும் கெட்டியா பிடிச்சுக்கிட்டோம். முக்காட்டுக்குள்ள இருந்த வாயை மறந்துட்டோம்.

13/
ரோமர் 16-ல பெபேயாள். அவங்களைப் பத்திச் சொல்ல பவுல் போடுற கிரேக்க வார்த்தை 'டியாகோனோஸ்'. பிலிப்பியர் தொடக்கத்துல சபைப் பொறுப்புல இருந்தவங்களுக்குப் போடுறதும் அதே வார்த்தைதான். அப்பொல்லோ பெரிய படிப்பாளி. அவரைத் தனியா கூப்பிட்டு இன்னும் தெளிவா விளக்கினவங்க ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். இஸ்ரவேலுக்கே நியாயம் விசாரிச்சவங்க தெபோராள். இதெல்லாம் நான் எழுதினது இல்ல. உங்க வீட்டு பைபிள்லயும் இருக்கு.

14/
எங்க தொழில்காரர் ஒருத்தரையும் சாட்சிக்குக் கூப்பிடுறேன். லூக்கா. அவர் வைத்தியர். இயேசு உயிர்த்தெழுந்த செய்தியைக் கல்லறையில இருந்து ஓடிவந்து சொன்னது பெண்கள். அதைக் கேட்ட அப்போஸ்தலர்கள் நம்பல, ஏதோ உளறல்னு நினைச்சாங்கன்னு லூக்கா 24-ல மறைக்காம எழுதி வச்சிருக்கார்.

15/
ஒரு டாக்டரா இந்த இடம் எனக்குச் சுருக்குன்னு குத்தும். மார்பு அடைக்குதுன்னு சொன்ன பெண்ணை "கேஸ் ட்ரபுள்"னு அனுப்பி வச்ச குடும்பங்களைப் பார்த்திருக்கேன். மாசக்கணக்கா உதிரப்போக்குன்னு சொன்னவங்களை "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்"னு அடக்கி வச்ச மாமியார், புருஷன், ஏன், டாக்டர்களையும் பார்த்திருக்கேன். பெண் சொன்னா உளறல்ங்கிற பழக்கம் கல்லறைத் தோட்டத்துல இருந்து கேஷுவாலிட்டி வரைக்கும் ஒரே பழக்கம்தான்.

16/
ரெண்டாவது பதில்: "நம்ம திருச்சபை பாரம்பரியம்னு ஒண்ணு இருக்குல்ல?"

தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947-ல. 1976-லயே பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தாச்சு. 2013-ல புஷ்பலலிதா நந்தியால் பேராயரா ஆனாங்க. அந்தத் திருச்சபையோட முதல் பெண் பேராயர். தொடங்கி 66 வருஷம் ஆச்சு அதுக்கு. கதவு திறந்துதான் இருக்கு. வாசல்ல செருப்பைக் குவிச்சு வச்சு நடக்கவிடாம பண்றது நாமதான்.

17/
கத்தோலிக்க சபையில பெண்களுக்குக் குருப்பட்டம் இன்னும் கிடையாது. ஆனா அங்கயும் 2021-ல போப் பிரான்சிஸ் சட்டத்தை மாத்தி, வாசகர், பீடப் பணியாளர்ங்கிற பொறுப்புகளை முறைப்படி பெண்களுக்கும் கொடுத்தார். நம்ம மாவட்டத்து ஆவூர்ல பெரியநாயகி மாதா முன்னாடி மண்டியிடுறோம். அதே கையோட வீட்டுல இருக்கிற பெரியநாயகிகிட்ட "நீ சும்மா இரு"ங்கிறோம்.

பெந்தெகொஸ்தே பக்கம் பாஸ்டரம்மா. வீடு சந்திப்பு, உபவாச ஜெபம், நோயாளி விசாரிப்பு எல்லாம் அவங்க. ஆனா அந்தப் பேர் தாலி வழியா வந்தது. பாஸ்டர் இறந்துட்டா அடுத்த வாரம் அவங்க யாரு?

18/
இங்கிலாந்துத் திருச்சபையில 2025 அக்டோபர்ல கேன்டர்பரி பேராயரா சாரா முல்லாலியை அறிவிச்சாங்க. அந்தப் பதவிக்கு முதல் பெண். அதுக்கு முன்னாடி அவங்க யாரு தெரியுமா? நர்ஸ். இங்கிலாந்தோட தலைமைச் செவிலிய அதிகாரியா இருந்தவங்க. படுக்கைப்புண்ணுக்கு மருந்து வச்ச கை ஆசீர்வதிக்கத் தகுதியான கைதான்னு அங்க ஒத்துக்கிட்டாங்க.

19/
நம்ம ஊர்லயே ஒரு வேடிக்கை பாருங்க. ஐடா ஸ்கடர்னு ஒரு மிஷனரி வீட்டுப் பொண்ணு. திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தாங்க. இருந்த டாக்டர் அவங்க அப்பா. ஆம்பளை டாக்டர் தொடக்கூடாதுன்னு திரும்பிப் போயிட்டாங்க. மூணு பெண்களும் செத்துப்போனாங்க. ஐடா டாக்டருக்குப் படிச்சுத் திரும்பி வந்தார். 1918-ல வேலூர்ல பெண்களுக்குன்னு மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண்களைச் சேர்த்ததே 1947-ல தான்.

பெண் இல்லாத அறையில பெண் சாவான்னு நம்ம சபைக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரியும். ஆஸ்பத்திரியில ஒத்துக்கிட்டோம். ஆலயத்துல மட்டும் ஒத்துக்கல.

20/
மூணாவது பதில்: "ஊர் ஒத்துக்காது."

இதை வேற எந்த மாவட்டத்துக்காரன் சொன்னாலும் பரவாயில்ல. புதுக்கோட்டைக்காரன் சொல்லலாமா? 1886-ல இந்த ஊர்ல பிறந்தவங்க முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா காலேஜ்ல பொண்ணைச் சேர்க்கக்கூடாதுன்னு எதிர்ப்பு வந்தது. மகாராஜாவே அனுமதி கொடுத்தார். 1912-ல மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில பட்டம். அப்புறம் சட்டமன்ற மேலவையில துணைத் தலைவர். அவங்க வந்ததால ஊர் இடிஞ்சு விழுந்துடல. இன்னைக்கு அவங்க பேரைச் சொல்லித்தான் நாம பெருமைப்படுறோம்.

21/
1990களின் தொடக்கம், அறிவொளி இயக்கம். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். நம்ம மாவட்டத்துப் பெண்கள் லட்சக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. குவாரியில கல் உடைக்கிறவங்க, வயல் வேலைக்குப் போறவங்க, அங்கன்வாடி டீச்சர். தெருவுல கிண்டல், கேலி, விசில். நான் அப்ப ஸ்கூல் பையன். எங்க தெருவுலயும் சிரிச்சாங்க. இன்னைக்குப் பெண் ஸ்கூட்டியில போனா எவனாவது திரும்பிப் பார்க்கிறானா?

ஊர் முதல்ல சிரிக்கும். அப்புறம் பழகும். அப்புறம் "நாங்கதான் முதல்ல பண்ணோம்"னு பெருமை பேசும்.

22/
நாலாவது பதில்தான் ரொம்ப சாமர்த்தியமானது: "பெண்களே இதைக் கேக்கலையே டாக்டர்."

ஆபரேஷன் வேணும்னு சொன்னா, "வீட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேன் சார்"னு எழுந்து போற பெண்களைத் தினமும் பார்க்கிறேன். மகளிர் குழுவுல லட்சக்கணக்குல கடன் வாங்கிக் கட்டுறவங்க. தன் கர்ப்பப்பைக்கு மட்டும் தானே முடிவெடுக்கத் தெரியாதா? தெரியும். பிறந்ததுல இருந்து ஞாயித்துக்கிழமைதோறும் யார் பேசுவாங்க, யார் கேப்பாங்கன்னு பார்த்தே வளர்ந்திருக்காங்க. வீடும் அதேதான் சொல்லுச்சு, பீடமும் அதேதான் சொல்லுச்சு.

23/
அறுப்பின் பண்டிகைக்கு வாங்க. விடியக்காலம் மூணு மணிக்கு அடுப்பு மூட்டுறது பெண்கள். கடைசிப் பந்தியில, அடிச்சட்டி குழம்போட உக்கார்றதும் அவங்கதான். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21: தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசு வரையுள்ள பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதுக்குக் காரணம் பல இருக்கு. கடைசிப் பந்தியும் அதுல ஒண்ணு. நான் இரும்புச்சத்து மாத்திரை எழுதலாம். பந்தி வரிசையை மாத்திரையால மாத்த முடியாது.

24/
என்ன பண்ணலாம்? நான் கேக்குறது நாலே விஷயம்.

ஒண்ணு: வர்ற ஞாயிறு உங்க சபை கமிட்டியில எத்தனை பெண்கள்னு எண்ணுங்க. பூஜ்யம்னா ஏன்னு சத்தமா கேளுங்க.
ரெண்டு: குடும்பத் தகராறை விசாரிக்கிற எந்த அறையிலும் குறைஞ்சது ரெண்டு பெண்கள் இல்லாம உக்காராதீங்க.
மூணு: அடி, காயம்னா "ஜெபம் பண்ணிக்கிறோம், அனுசரிச்சுப் போம்மா"ன்னு அனுப்பாதீங்க. 181-க்குப் போன் பண்ணச் சொல்லுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க. 2005-லயே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தாச்சு. ஜெபமும் பண்ணுங்க, தப்பில்ல.
நாலு: அடுத்த பண்டிகைக்கு ஆம்பளைங்க பரிமாறுவோம். பெண்கள் முதல் பந்தி.

25/
கூட்டம் முடிஞ்ச மறுவாரம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். எனக்கு ஞாயிறு பள்ளியில பைபிள் கதை சொல்லிக்கொடுத்தவங்களும் அவங்கதான். காபி கொடுத்தாங்க. பிரஷர் பார்த்தேன். கடைசியில எப்படியோ சொல்லிட்டேன்: "டீச்சர், அன்னைக்கு நானும் சிரிச்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

26/
அவங்க கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க: "நாலு பேர் நடுவுல சிரிச்சுட்டு, மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ள வந்து கேக்குறியே தம்பி?"

அதனாலதான் இதை இங்க, எல்லாரும் பார்க்கிற இடத்துல எழுதியிருக்கேன். அடுத்த கமிட்டி கூட்டத்துல இதையே எழுந்து நின்னு சொல்லுவேன். அவங்க பேரை நானே முன்மொழிவேன். அன்னைக்கும் யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும். அந்தச் சிரிப்புல ஒரு குரல் குறையும்.

- ஒரு பொது மருத்துவர், புதுக்கோட்டை